ஸ்விங் ஆர்மும் நித்திய கர்மமும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிற மலைப்பாதையில், கல்லாற்றைக் கடந்து, பாக்குத் தோப்புகளின் ஈரமும் நிழலும் பின்னே நின்றுவிட, வளைவுக்கு வளைவு காற்றின் குணம் மாறிக்கொண்டே வருவதை உணர்கிற ஒருவன், சமவெளியும் அல்லாத மலையுச்சியும் அல்லாத ஓரிடத்தில், பழுத்த பலாவின் வாசனை தன்னை எதிர்கொள்ளக் காண்பானாயின், அவன் பர்லியாருக்கு வந்துவிட்டான் என்று கொள்ளலாம். 1871 முதல் அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்துவரும் பண்ணை ஒன்று இங்கே இருக்கிறது. ஜாதிக்காயும் கிராம்பும் மங்குஸ்தானும் அங்கே செழித்து நிற்பதற்குக் காரணம், இவ்வூரின் வெப்பமும் ஈரமும் அளவொத்துக் கலந்திருப்பதே. மரத்துக்கு நன்மையாயிருக்கிற அதே ஈரம் இரும்புக்குப் பகையாயிருப்பதை நான் அறிந்துகொண்டது சற்றுத் தாமதமாகத்தான்.

இவ்வூரில் பன்னிரண்டு வருஷங்களாக வசித்துவரும் எனக்கு, 1980-களில் திருவொற்றியூரில் உருவான 350 புல்லட் ஒன்று துணையாக இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் மைசூருக்கும் கன்னியாகுமரிக்கும் என்னை அழைத்துச் சென்று பத்திரமாகத் திருப்பிக் கொணர்ந்த வண்டி அது. இவ்வண்டியின் மூலவடிவம் 1949-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தபோது, பல மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பிணைக்கப்பட்டிருக்க, இதன் பின்சக்கரமோ, சட்டத்தின் நடுவே ஓர் ஆணியைப் பற்றி மேலும் கீழும் அசைகிற இரட்டைக் கரத்தின் முனையில் அமைந்து, இருபுறமும் நிற்கும் ஷாக் அப்சார்பர்களின் மேல் தன் பாரத்தைத் தாங்கிக்கொண்டது. 1955 முதல் சென்னையிலும் அவ்வண்டி தயாராகலாயிற்று. அந்தக் கரத்தைத்தான் ஸ்விங் ஆர்ம் என்கிறோம். சாலையின் மேடும் பள்ளமும் சக்கரத்தோடு நின்று, ஏறியிருப்பவனின் முதுகெலும்புக்கு வாராதிருப்பது அதன் உபகாரம்.

ஏழெட்டு வருஷங்களுக்கு முன், ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில், குன்னூரிலிருந்து என் மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு இறங்கிவந்தேன். மழை ஓய்ந்து, பாதையின் மேல் இலைகள் ஒட்டிக்கிடந்தன. அந்தப் பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் திரும்புகையில், வண்டியின் முன்பாதி நான் நினைத்த வழியில் போக, பின்பாதி அரைக்கணம் யோசித்துவிட்டுப் பிறகே தொடர்ந்ததுபோல் ஓர் உணர்வு உண்டாயிற்று. அடுத்த வளைவிலும் அவ்வாறே. பர்லியாரில் நிறுத்தினேன். எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் தாமும் ஓரமாக நிறுத்தி இறங்கிவந்து, “ஏனுங்க சார், நீங்க ஒரு பக்கம் போறீங்க, பின்சக்கரம் ஒரு பக்கம் போகுதுங்களே” என்று சொல்லி, குந்தி உட்கார்ந்து, சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். ‘டக்’ என்று ஒரு சிறு ஓசை. மறுபடி அசைத்தார். மறுபடி அதே ஓசை. “ஸ்விங் ஆர்ம்ல ஆட்டமுங்க. அம்மாவை வெச்சுக்கிட்டு இதுல இறங்கப்படாதுங்க” என்றார். இரண்டு உயிர்கள் அந்த ஓசையின் மேல் அமர்ந்து மலையிறங்கியிருக்கின்றன என்ற எண்ணம், அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு ஏற்றியனுப்பி, மெக்கானிக் ஒருவரிடம் ஒப்படைத்து அருகிலேயே நின்றேன். சக்கரம் கழன்றது, செயின் கழன்றது, ஷாக்குகளின் கீழ்முனைகள் விடுபட்டன, நடு ஷாப்ட் மட்டும் வர மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, பித்தளைக் கம்பி வைத்துத் தட்டித் தட்டி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பிரயத்தனத்துக்குப் பிறகு அது வெளிவந்தபோது, அதன் மேல் குழைத்த குங்குமம்போல் சிவந்த ஒரு சேறு படிந்திருந்தது. வட்டமாயிருக்கவேண்டிய வெண்கல புஷ் முட்டை வடிவாய்த் தேய்ந்திருந்தது. அந்த மெக்கானிக் ஷாப்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கோபமின்றி, ஒரு வைத்தியர் நோயின் பெயரைச் சொல்வதுபோல் சொன்னார்: “பத்து வருஷமா இதை யாரும் கழட்டலைங்க. கிரீஸ் வெக்காததால வந்த வினை.”

புதிய புஷ் கடைந்து போட்டாயிற்று. வண்டி திரும்பி வந்தாயிற்று. அந்த வாக்கியம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. வினை என்றால் செய்வது. செய்கையே வினை, அதன் பயனாய் வந்து சேர்வதையும் உபசாரமாக வினை என்கிறோம். அங்ஙனமிருக்க, வைக்காததால் வினை வருவது எப்படி? ஒன்றைச் செய்யாமலிருப்பது, எதையேனும் உண்டாக்கக் கூடுமா? இல்லாமை என்பது ஒரு காரணமாகுமா? பழைய வண்டியின் அடிவயிற்றில் கிடந்த சேற்றைப் பார்த்து எழுந்த இந்தச் சந்தேகம், நம் தேசத்துத் தத்துவ விசாரத்தில் மிகப் பழையதொரு சந்தேகம் என்பது பின்னர்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மீமாம்ஸகர்கள் கர்மத்தை வகுக்கும்போது, ஒரு பயனை வேண்டிச் செய்வதைக் காம்யம் என்றும், கிரகணம் முதலிய நிமித்தம் நேரும்போது செய்வதை நைமித்திகம் என்றும், சந்தியாவந்தனம் போன்று நாள்தோறும் செய்தே தீரவேண்டியதை நித்தியம் என்றும் பெயரிட்டார்கள். நித்தியத்தின் விசேஷம் என்னவென்றால், செய்வதால் புதிதாய்ப் பெறுவதற்கு ஒன்றுமில்லை. செய்யாது விட்டால் மட்டும் பிரத்யவாயம் என்னும் தோஷம் வந்து சேரும். குமாரிலரின் வழியில் வந்தவர்கள், முன்செய்த பாபம் தேய்வதையாவது அதற்குப் பயனாகச் சொல்லிப் பார்த்தார்கள். பிரபாகரரின் வழியினரோ, விதித்தது என்பதே போதும், கடமையைச் செய்வதற்குக் கடமைக்கு வெளியே ஒரு பயனைத் தேடவேண்டியதில்லை என்று துணிந்து கூறிவிட்டார்கள். இந்த இரண்டாவது கட்சியை இளமையில் படித்தபோது, அது வறட்டுப் பிடிவாதமாக எனக்குத் தோன்றியது. இப்போது அவ்வாறு தோன்றவில்லை.

சங்கரர் இவ்விடத்தில் ஓர் ஆக்ஷேபத்தை எழுப்பினார். நித்திய கர்மத்தைச் செய்யாமை என்பது வெறும் அபாவம். அபாவத்திலிருந்து பாவரூபமான ஒரு தோஷம் உண்டாகும் என்றால், இல்லாததிலிருந்து உள்ளது பிறந்ததாகுமே, அது எப்படிப் பொருந்தும் என்று கீதைக்கு எழுதிய பாஷ்யத்திலும் தைத்திரீயத்துக்கு எழுதிய பாஷ்யத்திலும் கேட்கிறார். செய்யாமை தோஷத்தை உண்டாக்குவதில்லை. முன்பே சேர்ந்துகிடக்கிற தீவினை பலன்தரக் காத்திருப்பதற்கு அது ஓர் அடையாளம் மாத்திரமே என்பது அவருடைய சமாதானம்.

அந்த ஷாப்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சிந்திப்பவனுக்கு, சங்கரர் சொன்னது பிரத்யக்ஷமாகவே விளங்கும். துருவை உண்டாக்கியவை எவை? இரும்பு, நீர், காற்று. மூன்றும் உள்ள பொருள்கள். கிரீஸ் இல்லாமை என்று நான்காவதாக ஒரு பொருள் அங்கே புகுந்து வேலை செய்யவில்லை. பர்லியாரின் ஈரம் என் வண்டி பிறப்பதற்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது. இரும்போ, துருவுக்குப் புதிதல்ல. சேலத்துக் கஞ்சமலையில் கிடந்தாலும் வேறெங்கே கிடந்தாலும், பூமிக்குள் அது பெரும்பாலும் பிராணவாயுவோடு கூடிய தாதுவாகவே கிடக்கிறது. நெருப்பினால் வலிந்து பிரித்தெடுத்த நாள் தொட்டு, பழைய நிலைக்குத் திரும்பிப் போகவே அது வழி பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே நான் கிரீஸ் வைக்காதது துருவைப் படைக்கவில்லை. ஆதியிலிருந்து காத்திருந்த ஒன்றுக்கு வழியை விட்டது, அவ்வளவே.

அவ்வளவே என்று எழுதிவிட்டேன். ஆனால் அந்த அவ்வளவில்தான் என் மனைவியின் உயிர் இருந்தது. தர்க்கத்தில் சங்கரர் வென்றார் என்று ஒப்புக்கொண்டாலும், காரணம் நானல்லேன் என்று சொல்லி நான் அந்த மெக்கானிக்கின் முன் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. செய்யாமை காரணமன்று என்பதும், செய்யாதவன் பொறுப்பாளி என்பதும் ஒருங்கே உண்மையாயிருக்கக்கூடும் என்பதை அன்று கண்டேன். வள்ளுவர், செய்யத் தகாததைச் செய்வதாலும் செய்யத் தக்கதைச் செய்யாததாலும் கேடு வரும் என்று இரண்டையும் ஒரே துலாத்தட்டில் நிறுத்தும்போது, உண்டாவது எவ்வாறு என்ற விசாரத்துக்குள் இறங்கவில்லை. கேட்டுக்கு யார் விடைசொல்ல வேண்டும் என்பதையே அவர் பார்க்கிறார். அவருடைய பார்வையே இல்லறத்தானுக்குப் பொருந்துவது என்று நான் எண்ணுகிறேன்.

இனி, அந்த மூட்டின் இயல்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் அதிலேயே என் கேள்விக்குப் பாதி விடை இருந்தது. சக்கரத்தின் நடுவே இருக்கிற பேரிங் முழுச் சுற்றாகச் சுழல்கிறது. சுழலும்போதே கிரீஸைத் தன்னுடன் எடுத்துச் சென்று, எல்லாப் பக்கங்களிலும் பரப்பிக்கொள்கிறது. ஸ்விங் ஆர்மின் மூட்டோ ஒருபோதும் சுழல்வதில்லை. சக்கரம் இரண்டு மூன்று விரற்கடை எழுந்து தாழ்ந்தால், அம்மூட்டு சில பாகை அளவே அசைந்து, மீண்டும் வந்த இடத்துக்கே வருகிறது. லட்சம் முறை அசைந்தாலும் அதே சிறு பரப்பே உரசுகிறது. பாரம் முழுவதும் அங்கேயே விழுகிறது. அங்கிருந்து ஒதுங்கிப்போன கிரீஸ், தானாகத் திரும்பி வருவதில்லை. மிகுதியாக ஓடுகிற உறுப்புக்கே மிகுதியாகக் கவனம் வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில், கொஞ்சமே அசைந்து, ஒரே இடத்தில் நின்று, வெளியே தெரியாமல் சுமக்கிற உறுப்புக்குத்தான் பிறருடைய கை வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்திலும் அத்தகையவர் ஒருவர் இருப்பதை, இதை எழுதும்போது நினைக்காமலிருக்க முடியவில்லை.

சைவர்கள் இறைவனுடைய தொழிலை ஐந்தாகச் சொல்லும்போது, படைத்தலுக்கும் அழித்தலுக்கும் நடுவே காத்தலையும் ஒரு தொழிலாகவே எண்ணினார்கள். உள்ளது உள்ளபடி இருப்பதற்குத் தொழில் எதற்கு என்று கேட்கத் தோன்றும். நடராஜத் திருமேனியைப் பார்த்தால் விடை கிடைக்கும். ‘உண்மை விளக்கம்’ என்னும் சித்தாந்த நூல் சொல்லுகிறபடி, உடுக்கை ஏந்திய கரம் படைக்கிறது. தீயேந்திய கரம் அழிக்கிறது. காத்தலுக்குரியது அபயம் காட்டும் கரம். முதற் கரத்தில் ஓசையுண்டு. தீக்கரத்தில் ஒளியும் வெம்மையும் உண்டு. காக்கும் கரத்தில் ஒன்றுமே இல்லை. அது வெறுமனே உயர்ந்து, அசையாது நிற்கிறது. பார்ப்பவர்க்கு அது ஒன்றும் செய்யாத கைபோலத் தோன்றும். அந்தக் கை தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணும்போதே, அது செய்துகொண்டிருப்பது இன்னதென்று புலப்படும். சிற்பியின் உளி இதனினும் நுட்பமாக ஒரு தத்துவத்தைச் சொல்லியிருக்க முடியாது.

தெய்வத்தின் பீடத்திலேயே நம் முன்னோர்கள் இந்த வேலையை வைத்திருக்கிறார்கள். கருவறையில் மூலவரின் சிலைக்கும் அது நிற்கும் பீடத்துக்கும் இடையே உள்ள சந்தில் அஷ்டபந்தனம் என்னும் மருந்தைச் சாத்துவது வழக்கம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், மெழுகு, எருமை வெண்ணெய் என்ற எட்டையும் உரலில் இட்டு இடித்து இடித்து, கைக்கு இளகும் பதத்தில் அதை ஆக்குகிறார்கள். அபிஷேக நீர் அந்தச் சந்து வழியே கீழே இறங்கிவிடாமலும், சிலை இம்மியும் அசைந்துவிடாமலும் அது காக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைப் பெயர்த்துப் புதிதாக இட்டுக் கும்பாபிஷேகம் செய்கிறோம். யானையும் மேளமும் கோபுரத்தின்மேல் ஊற்றும் புனித நீரும் ஊரார் கண்ணுக்குத் தெரிபவை. அந்தக் கோலாகலத்தின் உள்ளே, இருட்டில், இரண்டு கற்களின் நடுவே விரலளவு சந்தில் வெண்ணெய் சேர்ந்த ஒரு பசையை ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கிறார். சர்வ வல்லமையுள்ள இறைவனும் நம்மிடம் வந்து நிற்கச் சம்மதித்தபோது, மூட்டுக்கு மருந்திட வேண்டிய ஒரு மேனியையே ஏற்றுக்கொண்டான் என்பது என் மனத்தை மிகவும் உருக்குகிற செய்தி.

நாம் கிரீஸ் என்று வாங்குகிற பொருளும் அத்தகைய ஒரு கூட்டுத்தான். எண்ணெய் ஓடிப்போகும் இயல்புடையது. அதனோடு கூட்டிய சோப்பு அதைத் தன் நுண்ணிய இழைகளுக்குள் பஞ்சுபோல் பிடித்துவைத்துக்கொண்டு, அழுத்தம் வரும்போது சிறிது சிறிதாகக் கொடுக்கிறது. இன்று கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது லிதியம் சோப்பினால் ஆனது. நீருக்கும் வெப்பத்துக்கும் ஓரளவு அஞ்சாதது. அதற்கான காப்புரிமை 1942-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்டது. வடமொழியில் இந்தப் பசைக்கு வழங்கும் சொல் ஸ்நேகம். அன்புக்கும் அதுவே சொல். நம் தமிழிலும் நெய்யும் நேயமும் ஒலியால் அருகருகே நிற்கின்றன. தார்க்கிகர்கள் ஸ்நேகத்தைக் குணங்களுள் ஒன்றாக எண்ணி, உதிரியான மாவை உருண்டையாகச் சேர்த்து வைப்பது எதுவோ அதுவே ஸ்நேகம் என்று இலக்கணம் வகுத்தார்கள். சேர்த்து வைப்பது, ஒட்டவும் வேண்டும், உரசாமலும் இருக்கவேண்டும்.

ஆயினும் கிரீஸை வைப்பதற்கென்று உரிய இடம் உண்டு. ஷாக் அப்சார்பரின் கண்களில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸைத் தடவினால், ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். பின் பிரேக்கின் லைனிங்கில் ஒரு துளி பட்டாலும், இறக்கத்தில் வண்டி நிற்காது. கீதை, எங்கும் அபிஸ்நேகம் அற்றவனை ஞானி என்று சொல்லுவது வறட்சியைப் போற்றுவதாகாது, வைக்கத் தகாத இடத்தில் வைக்காத நிதானத்தைப் போற்றுவது என்றே நான் பொருள் கொள்ளுகிறேன். பாஷ்யகாரர்கள் இதை ஒப்புவார்களோ, அறியேன். கிரீஸ் கையோடு பிரேக் டிரம்மைத் தொடக்கூடாது என்று கற்றவன் ஒப்புவான்.

உரிய இடத்தில் வைத்தது அங்கே நிலைத்திருக்கவும் வேண்டும்; இதனால்தான் ஆயுத பூஜையைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்த நாளுக்கு முன்பு வண்டிகளெல்லாம் வாட்டர் சர்வீஸுக்குப் போகின்றன. வேகமாய்ப் பீய்ச்சுகிற நீர் சேற்றைப் போக்குவதோடு நில்லாமல், மூட்டுகளின் விளிம்பைத் தாண்டி உள்ளே புகுந்து, அங்கிருக்கும் கிரீஸைக் கலைத்துவிட்டுத் தானே தங்கிவிடுகிறது. வெளியே பளபளப்பு, அதன்மேல் சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். உள்ளே மறுநாளே துரு தன் வேலையை ஆரம்பிக்கிறது. பூஜையை நான் குறைகூறவில்லை. எனக்கும் அதில் சிரத்தை உண்டு. ஆனால் ஆயுதத்தை வணங்குவது என்றால், முதலில் அதைக் கழற்றிப் பார்ப்பது என்று பொருள். திருநாவுக்கரசர் பாடியதோடு அமையாமல் உழவாரப்படை ஏந்தி, கோயில் பிராகாரங்களில் முளைத்த புல்லைச் செதுக்கினார். அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும் என்று தெரிந்தேதான் செதுக்கினார். பாட்டைவிட அந்தப் பணி குறைந்தது என்று சைவ உலகம் ஒருநாளும் கருதியதில்லை. அவருடைய திருவுருவத்தின் தோளில் இன்றும் சாய்ந்திருப்பது அந்தக் கருவியே.

பண்ணைக்காரர்களின் உழைப்பை இங்கிருந்து நாள்தோறும் பார்க்கிறேன். மங்குஸ்தான் நட்டவன் பல வருஷம் காத்திருக்க வேண்டும். ஆனாலும் ஒருநாள் கருஞ்சிவப்பாய்க் கையில் ஒரு பழம் வந்து அமர்கிறது. சாலையோரக் கடையில் அதைக் கூறு கட்டி விற்கும்போது, உழைப்புக்கு ஓர் உருவம் கிடைத்துவிடுகிறது. அதுவே காம்யம். அதே சாலையில், ஐப்பசி மழை வருவதற்கு முன், பாலங்களின் கீழே அடைத்த இலையையும் மண்ணையும் வாரிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மழை வந்து, நீர் வழியாய்ப் போய், பாதை நின்றுவிட்டால், அவர்கள் செய்தது எதுவும் யார் கண்ணிலும் படுவதில்லை. எதிரே மலைச்சரிவில், 1899 முதல் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிற ரயில், ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பயணிகள் குரங்குகளைப் பார்க்கிறார்கள்; இன்ஜினின் மூட்டுகளுக்கு எண்ணெய் விடுகிற கையைப் பார்ப்பவர் குறைவு. இவர்களுடைய பயன், ஒன்றும் நிகழாதிருத்தல். நிகழாத ஒன்றை யாரால் காட்ட முடியும்? பிரபாகரர் வழியினரை நான் வறட்டுப் பிடிவாதக்காரர் என்று எண்ணியது தவறு என்பதை, இவர்களைப் பார்த்தே உணர்ந்தேன். பயனைக் காட்டினால்தான் செய்வேன் என்பவன் இந்த வேலையில் ஒரு வருஷம்கூட நிலைக்க மாட்டான்.

அந்த ஐப்பசிக்குப் பிறகு, ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில் நானே உட்கார்ந்து அதைக் கழற்றுகிறேன். முதல் வருஷம் மூன்று மணி நேரம் பிடித்தது. இப்போது அதில் பாதி. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை எடுத்து, ஷாக்குகளை விடுவித்து, கரத்தின் இரு முனைகளையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பேன். அந்த லாரி ஓட்டுநர் எனக்குக் காட்டிக்கொடுத்த ஓசைக்காகச் செவி சாய்த்துக் கொஞ்சம் காத்திருப்பேன். பிறகு ஷாப்டை எடுத்து, புஷ்களைப் பழந்துணியால் துடைத்து, விரலாலேயே புதிய கிரீஸை உள்ளே நிரப்பி, மறுபடி கோப்பேன். எல்லாம் சரியாயிருந்தால், தூக்கிவிட்ட கரம் விழாமலும் நிற்காமலும், தன் பாரத்தாலேயே மெல்லக் கீழிறங்க வேண்டும்.

இந்தப் புரட்டாசியிலும் செய்தேன். என் மனைவி பலாக்கொட்டை வறுத்த தட்டோடு திண்ணையில் வந்து உட்கார்ந்து, “ஏங்க, இந்த வருஷம் என்ன இருந்துச்சு உள்ளே?” என்று கேட்டாள். துடைத்த துணியை விரித்து அவளிடம் காட்டினேன். கறுப்புத்தான் இருந்தது, சிவப்பு எங்கும் இல்லை. அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து என் பக்கத்தில் வைத்தாள். நான் ஷாப்டைத் துளைக்கு நேரே பிடித்து உள்ளே தள்ளினேன்.